மாந்தோப்புக்கு ஒரு சைலன்ஸர்

கிருஷ்ணகிரிப் பக்கம் சின்ன டிராக்டர் வாங்குகிறவர்களில் பலருக்கு மாந்தோப்புதான் காரணம். பழைய தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளி இருக்கும். ஆனாலும் பெங்களூரா ரக மாமரம் காய் பிடித்துவிட்டால் கிளைகள் தலைக்குக் கீழே இறங்கிவிடும். இப்போது அடர் நடவு என்று 5 மீட்டருக்கு ஒரு மரம் வைக்கிறார்கள். அதற்குள் பெரிய டிராக்டர் போகாது. 15 குதிரைத்திறன் வண்டி போகும், ஆனால் பானெட்டுக்கு மேலே நட்டமாக நிற்கும் அதன் சைலன்ஸர் போகாது. கிளையில் மாட்டி வளையும், குழாயை என்ஜினோடு இணைக்கும் பிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தும், பக்கத்தில் இருக்கிற இலையையும் பிஞ்சையும் வாட்டிவிடும்.

காவேரிப்பட்டணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தக் குறையோடு வரும் வண்டிகள் பழகிப் போனவை. "கிளையெல்லாம் சைலன்ஸர்ல மாட்டுதுப்பா, அறுத்துக் கட்டையாக்கிக் குடுத்துடு" என்றுதான் சந்தூரிலிருந்து வந்த அண்ணனும் கேட்டார். அறுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அறுத்த குழாயின் வாய் ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் முதல் பிரிவில் சேர்த்தது 2012இல். அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு" என்றார்.

முதலில் தோப்பைப் பார்க்கப் போனேன். சைலன்ஸர் வேலைக்கு அளவு டேப்பை வண்டியில் வைப்பதற்கு முன் வண்டி ஓடுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் பழக்கம். கிளை எந்த உயரத்தில் இருக்கிறது, வரப்பு எவ்வளவு மேடு, கீழே சருகு எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தேன். அந்தத் தோப்பில் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. புகைக்குழாயைக் கீழே கொண்டுவந்து வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பினால் கிளைப் பிரச்சினை தீரும், தீப் பிரச்சினை ஆரம்பிக்கும். டீசல் என்ஜினை ரொம்ப நேரம் ஐடிலில் விட்டுவிட்டுத் திடீரென்று லோடு கொடுத்தால் குழாயில் படிந்த கரி பொறியாக வெளியே வரும். மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்த ஒரு பொறி போதும். அதனால் குழாய் பானெட்டின் வலப்பக்கம் இறங்கி, கால் மிதிக்கும் தகட்டுக்குக் கீழே ஓடி, பின் டயருக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். வாய்க்குள் பொறியைத் தடுக்க ஒரு துரு ஏறாத கம்பி வலை. கழற்றிக் கரி தட்டுகிற மாதிரி அது போல்ட்டில் நிற்கும்.

அப்புறம் கணக்கு. அந்த வண்டி ஒற்றை சிலிண்டர், ஏறத்தாழ 860 சி.சி., உச்ச வேகம் 2300 ஆர்பிஎம். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. நொடிக்கு 19 வெடிப்பு. காற்று உள்ளே போவது நிமிடத்துக்கு 900 லிட்டர் அளவில் என்றாலும், 450 டிகிரி சூட்டில் விரிந்து வெளியே வருவது 2000 லிட்டருக்கு மேல். 38 மி.மீ. உள்விட்டக் குழாயில் அது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில்தான் ஓடும், அதாவது தாராளம். இதைவிடச் சின்னக் குழாய் போட்டால் புகை திணறும். பெரிதாகப் போட்டால் கால்தகட்டுக்குக் கீழே இடம் போதாது.

ஒற்றை சிலிண்டர் சத்தம் தனி ரகம். கனமான, விட்டுவிட்டு வரும் தடதடப்பு. இதற்குப் பைக் சைலன்ஸர் மாதிரி பஞ்சு அடைத்துப் பயனில்லை. பஞ்சு கீச்சுச் சத்தத்தைத்தான் தின்னும், டீசல் கரியில் சீக்கிரம் அடைத்தும் போகும். கனமான சத்தத்துக்குத் தேவை காலி இடம். குறுகலான குழாயிலிருந்து அகலமான அறைக்குள் புகை திடீரென்று விரியும்போது அழுத்த அலையில் ஒரு பங்கு திரும்பி மோதி அடங்குகிறது. என்ஜின் கொள்ளளவைப் போல் ஆறு மடங்காவது அந்த அறை இருக்கட்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம் கொண்ட உருளையில் 5 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்து அதை இரண்டு அறையாக்கினேன். இரண்டுக்கும் நடுவே ஓட்டை போட்ட குழாய். 5 மி.மீ. ஓட்டைகள் நூறு போட்டால் அவற்றின் மொத்தப் பரப்பு 38 மி.மீ. குழாயின் பரப்பைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு வரும். இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

உருளைக்கு 16 கேஜ் தகடு, குழாய்க்கு 2 மி.மீ. கனமுள்ள கறுப்பு எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) பைப். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஜி.ஐ. தண்ணீர் பைப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதை நான் தொடுவதில்லை. துத்தநாகப் பூச்சை வெல்டிங்கில் எரித்தால் கிளம்பும் வெள்ளைப் புகை அன்று ராத்திரியே குளிர் காய்ச்சலில் படுக்க வைக்கும். வளைவுகளைத் தொண்ணூறு டிகிரியில் சட்டென்று ஒடிக்காமல், உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, கேஸில் சூடேற்றி நிதானமாக வளைத்தேன். குழாய் சப்பையாகாமல் வளைகிற இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் ஆசை தீரவில்லை. இரும்பு செக்கச் சிவந்து, கை சொன்னபடி மெதுவாகத் திரும்புவதைப் பார்ப்பது அவ்வளவு நிறைவு.

இந்த வேலையில் வெல்டிங்கைவிடப் பொருத்துவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால் அந்த நீட்சிக்கு வழியில்லாமல் பிளாஞ்ச் பக்கத்து வெல்டு விரிசல் விடும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு அந்த விரிசலை வேகமாக வளர்க்கும். அதனால் என்ஜினிலிருந்து புகை வெளிவரும் மேனிபோல்ட்டை அடுத்து நெளிவுள்ள ஃபிளெக்ஸிபிள் துண்டு ஒன்று. பின்பக்கக் கிளாம்பில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை. உருளையின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை, உள்ளே குளிர்ந்து சேரும் தண்ணீர் வடிய. கால்தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே விரல் இடைவெளி விட்டு ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. டீசல் குழாயும் ஹைட்ராலிக் ஹோஸும் அந்தப் பக்கம் வராதபடி இடப்பக்கம் மாற்றிக் கட்டினேன்.

புகை திணறுகிறதா என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் மட்டம் பார்க்கிற டியூப் போதும். பிளாஞ்சுக்கு அருகே ஒரு நட்டை வெல்டு செய்து, அதிலிருந்து சூடு ஆற ஒரு செம்புக் குழாய்ச் சுருளை இழுத்து, டியூபை 'யு' வடிவில் கட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கி முழு லோடில் ஓட்டும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம். பத்து செ.மீ. விலகினால் பின்னழுத்தம், அதாவது வெளியேறத் திணறும் புகை என்ஜின் பக்கம் தரும் அழுத்தம், ஒரு கிலோபாஸ்கல். அறுக்காத பழைய சைலன்ஸரில் முதலில் அளந்து வைத்துக்கொண்டேன். புதியதில் மட்டம் அதைத் தாண்டவில்லை. டீசல் என்ஜினுக்குப் பின்னழுத்தம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வால்வு கருகும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கூடினால்தான் கெடுதல்: கரும்புகை, சூடு, டீசல் செலவு.

ஒன்று சொல்ல வேண்டும். வாரன்டியில் இருக்கும் வண்டியில் நான் கை வைப்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 என்ற புகை மாசு விதி வந்துவிட்டது. அவற்றின் புகைக்குழாயில் மாசைக் குறைக்கும் கருவிகள் சேர்ந்தே வருகின்றன. அதை அறுப்பது என் வேலையில்லை. சத்தம் 'கெத்தா' வர வேண்டும் என்று சைலன்ஸரைக் குடைந்து தரச் சொல்லும் பையன்களையும் திருப்பி அனுப்பிவிடுவேன். 8 மணி நேரம் வேலை செய்கிறவர் காதுக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. தோப்பில் அதை அளக்க யாரும் வருவதில்லை என்பதால் காது கெடாமல் இருக்கப் போவதில்லை.

சந்தூர் வண்டியை ஓட்டுவது அந்த அண்ணன் இல்லை. தினக்கூலிக்கு வரும் ஒரு தம்பி. ஓட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னது சத்தம் குறைந்ததைப் பற்றிக்கூட இல்லை. "அண்ணா, கத்தி வேர்ல படறது இப்பத்தான் காதுல விழுது" என்றான். ரொட்டவேட்டர் கத்தி மாமரத்தின் வேரில் பட்டதும் தூக்கிவிட முடிந்தால் மரமும் பிழைக்கும், கத்தியும் பிழைக்கும். நான் போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை.

இப்போது இந்த மாதிரி வேலை வந்தால் ஓட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். "அவன் எதுக்கு?" என்று கேட்கும் ஓனர்களிடம், அளவு எடுக்கும்போது அவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன். கால் எங்கே வருகிறது, இறங்கும்போது எந்தப் பக்கம் இறங்குகிறார், மருந்து அடிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகுதான் குழாயின் வாய்க்குச் சாக்பீஸில் குறி போடுகிறேன்.