பட்டாயாவில் எருக்கம்பூ

கூரையில் இருந்த மணிப் பொத்தானை அழுத்தினேன். சோங்தேவ் நின்றது.

தாய்லாந்தின் பட்டாயாவுக்கு இதுதான் ஷேர் ஆட்டோ. பிக்கப் வண்டியின் பின்னால் எதிரெதிரே 2 பெஞ்சு. பீச் ரோட்டில் தெற்கே போகும், செகண்ட் ரோட்டில் வடக்கே திரும்பும். ஏறும்போது விலை பேசினால் தனி வாடகை ஆகிவிடும். இறங்கிய பிறகு டிரைவரிடம் காசு கொடுத்தால் போதும்.

கொடுக்கும்போதுதான் பார்த்தேன். முன் கண்ணாடியில் ஒரு பூச்சரம். மல்லிகை மொட்டுக்குக் கீழே வெள்ளை எருக்கம்பூ!

நம் பிள்ளையாருக்குக் கோக்கும் அதே பூ. சரத்தை இங்கே ‘புவாங் மாலை’ என்கிறார்கள்.

எருக்கம்பூவுக்குப் பெயர் ‘டோக் ரக்’. ரக் என்றால் காதல். எங்கள் ஊரில் குட்டிச்சுவர் ஓரம் கேட்பாரற்று முளைக்கும் செடி அது.

கோ லான் தீவுக்குப் போகும் படகுக்கு நேரம் இருந்தது. பூக்காரம்மாவைத் தேடிப் போய் ஒரு சரம் வாங்கிக்கொண்டேன்.