எங்கள் மெயில் ஸ்பேமிலிருந்து இன்பாக்ஸுக்கு வந்த கதை

இணையவழிப் பயிற்சி வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில் மெயில் அனுப்புவது என் வேலை. வாரம் ஒரு செய்திமடல், நடுநடுவே தள்ளுபடி அறிவிப்பு, வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு நினைவூட்டல். ஒரு கட்டத்தில் ஜிமெயில் வைத்திருப்பவர்களிடமிருந்து க்ளிக் வருவது கிட்டத்தட்ட நின்றேபோனது. மற்ற மெயில் சேவைகளில் இருப்பவர்கள் வழக்கம்போல க்ளிக் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பயன்படுத்தும் கருவியோ எல்லாம் 'டெலிவர்டு' என்று பச்சையாகக் காட்டியது. எதிர்முனையில் இருக்கும் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். வாங்கியதை எந்த ஃபோல்டரில் போட்டது என்பது அதில் தெரியாது.

அலுவலகத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எப்படியாவது ப்ரைமரி டேப்ல வரணும்." ஜிமெயில் 2013-இல் இன்பாக்ஸை டேப்களாகப் பிரித்ததிலிருந்து விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஆசைதான் இது. ஆனால் இதில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மெயில் ஸ்பேமுக்குப் போவது ஒன்று. ப்ரைமரிக்குப் பதில் ப்ரமோஷன்ஸ் டேப்புக்குப் போவது இன்னொன்று. ப்ரமோஷன்ஸும் இன்பாக்ஸின் ஒரு பகுதிதான். வாசகர் வேண்டுமென்றால் அங்கே போய்ப் படிப்பார். ஸ்பேமுக்குப் போனதை யாரும் தேடிப் போவதில்லை. எங்களுக்கு இருந்தது முதல் பிரச்சினை, நாங்கள் பேசிக்கொண்டிருந்ததோ இரண்டாவதைப் பற்றி.

முதலில் செய்தது, ஸ்பேமில் விழுந்த எங்கள் மெயில் ஒன்றை ஜிமெயிலில் திறந்து, உள்விவரங்களைக் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்துப் பார்த்தது. மெயில் வேலையில் இருக்கும் யாரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பேன், காசு கொடுத்து வாங்கும் கருவியெல்லாம் அப்புறம். மேலே ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மெயில் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று சரிபார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு அது: எஸ்பிஎஃப் (இந்த சர்வருக்கு அனுப்ப அனுமதி உண்டா), டிகேஐஎம் (மெயிலில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் சரியா), டிமார்க் (முதல் இரண்டையும் வைத்துச் செய்யும் இறுதிச் சோதனை). எங்களுடையதில் எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ், டிமார்க் ஃபெயில். முதல் இரண்டும் பாஸ் ஆகியும் மூன்றாவது எப்படித் தோற்கும் என்று எங்கள் டெவலப்பரே குழம்பிவிட்டார். "டிஎன்எஸ்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டிஎன்எஸ் என்பது ஒரு டொமைனுக்கான (இணையப் பெயருக்கான) அமைப்புகளைப் பதிந்து வைக்கும் பொது அடைவு.

விடை அதே அட்டவணையில் இருந்தது. டிகேஐஎம் வரிசையில் 'பாஸ்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு டொமைன் பெயர் இருக்கும். அங்கே இருந்தது மெயில் அனுப்பித் தரும் சேவையின் டொமைன், எங்களுடையது இல்லை. எஸ்பிஎஃப்பும் அப்படித்தான். எஸ்பிஎஃப் பார்ப்பது வாசகர் கண்ணில் படும் 'ஃப்ரம்' முகவரியை அல்ல, பவுன்ஸ் ஆனால், அதாவது சேராமல் திரும்பினால், போக வேண்டிய உள்முகவரியை. அதுவும் அந்தச் சேவையுடையதாகவே இருந்தது. ஆக, மெயிலை அனுப்பியது அவர்கள்தான் என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருந்தன, அனுப்பச் சொன்னது நாங்கள்தான் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. டிமார்க் கேட்பது அந்தப் பொருத்தத்தைத்தான். இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆக வேண்டும், பாஸ் ஆன டொமைன் 'ஃப்ரம்' முகவரியில் இருக்கும் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும்.

சரிசெய்வது கடினமாக இல்லை. சேவையின் அமைப்புப் பக்கத்தில் 'உங்கள் டொமைனைச் சரிபார்க்க' என்று ஒரு பகுதி இருந்தது. அது தந்த பதிவுகளை டிஎன்எஸ்ஸில் சேர்த்ததும் டிகேஐஎம் கையொப்பம் எங்கள் பெயரில் விழ ஆரம்பித்தது. பவுன்ஸ் முகவரியையும் எங்கள் டொமைனின் கிளையான ஒரு சப்டொமைனுக்கு மாற்றிக்கொண்டோம். மெயிலில் இருக்கும் லிங்க்குகளும் அதுவரை அந்தச் சேவையின், க்ளிக்கை எண்ணும் பொது டிராக்கிங் டொமைன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அதே டொமைனை யார் யாரோ பயன்படுத்துகிறார்கள், அவர்களில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் அந்த அழுக்கு நம் லிங்க்கிலும் ஒட்டும். அதையும் எங்கள் பெயருக்கு மாற்றினோம்.

எஸ்பிஎஃப் பதிவைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்கள் வரைதான் அனுமதி, மற்ற சேவைகளின் பதிவை உள்ளே சேர்த்துக்கொள்ளும் 'இன்க்ளூட்' வரிகளும் அந்தக் கணக்கில் சேரும். தாண்டினால் மொத்தப் பதிவும் செல்லாது. எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டு விட்ட மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு வரியை விட்டுச் சென்றிருந்தன. வேண்டாததை நீக்கியதில் பதிவு பாதியாகச் சுருங்கியது.

டிமார்க்கில் பொறுமை வேண்டும். சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று அதில் நாம்தான் சொல்கிறோம். எடுத்ததும் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, 'நன்' நிலையில் தொடங்கினோம். 'நன்' என்றால் மெயிலை ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு என்று பொருள். அறிக்கைகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும், வெறும் கண்ணால் படிக்க முடியாது, படித்துக் காட்ட இலவசக் கருவிகள் உண்டு. அதில்தான் எங்கள் பெயரில் இன்னொரு சர்வரும் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏமாற்றுக்காரர் யாரோ என்று பயந்து தேடினால், அது கணக்குப் பிரிவினர் பில் அனுப்பும் மென்பொருள். முதல் நாளே 'ரிஜெக்ட்' போட்டிருந்தால் வாடிக்கையாளர்களுக்கு ரசீதே போயிருக்காது. அதைச் சரிசெய்து, ஸ்பேமில் போடச் சொல்லும் 'குவாரன்டைன்' நிலையில் சில வாரம் வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே 'ரிஜெக்ட்'டுக்குப் போனோம்.

இதையெல்லாம் முடித்ததும் மெயில் இன்பாக்ஸுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்த்தோம். ஓரளவுதான் வந்தது. எஸ்பிஎஃப்பும் டிகேஐஎம்மும் நீங்கள் யார் என்று சொல்லும் அடையாள அட்டை மட்டுமே. அட்டையைப் பார்த்தபின் உள்ளே விடலாமா என்பது உங்கள் பழைய நடத்தையைப் பொறுத்தது.

கூகுளும் யாகூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளை அப்போதுதான் முழுதாக வாசித்தேன். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மொத்தமாக அனுப்புகிறவர் என்ற கணக்கில் வருவோம். சப்டொமைன்களில் பிரித்து அனுப்பினாலும் முதன்மை டொமைனில் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஒருமுறை அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பிறகு குறைத்து அனுப்பினாலும் வெளியே வர முடியாது. மூன்று சரிபார்ப்புகளும் வேண்டும். ஒரே க்ளிக்கில் விலகும் வசதி வேண்டும், விலகியவரை 2 நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. அதாவது ஆயிரத்தில் ஒருவர் கோபப்பட்டாலே எச்சரிக்கை, மூன்று பேர் என்றால் ஆபத்து.

ஸ்பேம் புகார் விகிதத்தைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் எங்கள் டொமைனைப் பதிவு செய்து வைத்தோம். அதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மெயில் மோசமாக விழுந்துகொண்டிருந்த நாட்களில் ஸ்பேம் விகிதம் பூஜ்யமாகத் தெரியும். பார்த்து மகிழக் கூடாது. ஸ்பேம் ஃபோல்டரில் கிடக்கும் மெயிலை யாரும் மறுபடி ஸ்பேம் என்று புகார் செய்யப் போவதில்லை, அதனால் பூஜ்யம். மெயில் இன்பாக்ஸுக்கு வர ஆரம்பித்ததும் விகிதம் மெல்ல ஏறியது. மற்றவர்கள் பதறினார்கள், எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

சரி, யார் புகார் செய்கிறார்கள்? ஜிமெயில் ஆள் பெயரைச் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு தொகுதியாகப் பிரித்து அனுப்பிப் பார்த்தால் எந்தத் தொகுதி போன நாளில் விகிதம் எகிறுகிறது என்று பிடித்துவிடலாம். எங்களுக்கு எகிறியது இரண்டு இடங்களில். ஒன்று, இலவச வகுப்புக்காக மெயில் முகவரி கொடுத்துவிட்டுப் பல வருடமாக எதையும் திறக்காதவர்கள். இன்னொன்று, ஒரு கூட்டு நிகழ்ச்சியில் மற்றொரு நிறுவனம் சேகரித்துத் தந்த பட்டியல். அவர்களில் பலருக்கு எங்கள் பெயரே தெரியாது. தெரியாதவர் மெயில் அனுப்பினால் யாரும் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். தப்புச் சொல்ல முடியாது.

பழைய முகவரிகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. கைவிடப்பட்ட முகவரிகள் கொஞ்ச காலம் பவுன்ஸ் ஆகும், அப்புறம் அவற்றில் சிலவற்றை ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கும் பொறியாக மாற்றிவிடுவார்கள். பவுன்ஸ் ஆனபோதே நீக்கியவருக்குக் கவலையில்லை. எதிர்முனை சர்வரிடமிருந்து 5-இல் தொடங்கும் பதில் எண் வந்தால் அது நிரந்தர மறுப்பு, உடனே நீக்க வேண்டும். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், பிறகு முயற்சிக்கலாம்.

லிஸ்டைக் குறைக்கலாம் என்றதும் விற்பனைப் பொறுப்பாளருக்கு மனசே வரவில்லை. "பாதிப் பேரை எடுத்துட்டா விற்பனையும் பாதியாகிடுமே?" என்றார். நீக்க நினைத்த முகவரிகளிலிருந்து கடந்த ஒரு வருடத்தில் யாராவது எதையாவது வாங்கியிருக்கிறார்களா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு வந்தவர் அதற்கு மேல் எதிர்க்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: நீக்குவதற்கு முன் 'இன்னும் உங்களுக்கு அனுப்பட்டுமா?' என்று ஒரு மெயில் போக வேண்டும். நியாயமான நிபந்தனைதான். சிறு சிறு தொகுதிகளாக அனுப்பினோம். சிலர் ஆம் என்றார்கள், பெரும்பாலோர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களை எடுத்துவிட்டோம்.

இங்கே ஓபன் ரேட்டை, அதாவது மெயிலைத் திறந்தவர்களின் விகிதத்தை, நம்பக் கூடாது. மெயிலில் இருக்கும் படம் ஒன்று இறங்குவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்கிறாரோ இல்லையோ படங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். கருவி அதைத் 'திறந்தார்' என்று எழுதிக்கொள்ளும். அதனால் க்ளிக், பதில், வகுப்பில் உள்நுழைந்தது ஆகிய மூன்றையும் வைத்தே யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று முடிவு செய்தோம்.

விலகும் வசதியில்தான் அதிக வாக்குவாதம். எங்கள் அன்சப்ஸ்கிரைப் லிங்க் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. க்ளிக் செய்தால் ஒரு பக்கம் திறக்கும், அங்கே மெயில் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, மெயிலின் அளவு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும், அடியில் இருக்கும் அந்த லிங்க்கும் அதோடு போகும். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட் ஆவதால் தமிழ் மெயில் சீக்கிரமே அந்த எல்லையைத் தொடும். இத்தனை கஷ்டத்துக்கு ஸ்பேம் பொத்தான் எவ்வளவு சுலபம்! லிங்க்கை மேலேயும் ஒன்று வைத்தோம், கேள்வி கேட்கும் பக்கத்தைத் தூக்கினோம், மெயிலின் ஹெட்டரில் (வாசகர் கண்ணில் படாத தலைப்புப் பகுதியில்) ஒரே க்ளிக் விலகலைச் சேர்த்தோம். ஜிமெயில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்' காட்ட ஆரம்பித்தது. விலகுகிறவர்கள் எண்ணிக்கை கூடியது, புகார் குறைந்தது. இந்தப் பேரம் எனக்கு எப்போதும் சம்மதம்.

இதற்குப் பிறகு அளவைக் கூட்டினோம். முதலில் அண்மையில் க்ளிக் செய்தவர்களுக்கு மட்டும், அப்புறம் மெதுவாக மற்றவர்களுக்கும். ஒரே நாளில் அளவை ஏற்றினால் சர்வர்கள் 421 என்ற தற்காலிக மறுப்பு எண்ணோடு தள்ளிப்போட ஆரம்பிக்கும். எங்களுக்கு மட்டுமான தனி ஐபி (அனுப்பும் சர்வரின் முகவரி எண்) வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. எங்கள் அளவுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். தனி ஐபிக்கு நல்ல பெயர் உருவாக நிறைய மெயில் சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இனி ப்ரைமரி. இதில் உலவும் உத்திகள் ஏராளம்: சப்ஜெக்டில் 'ரி:' என்று போலியாகச் சேர்ப்பது, 'இலவசம்' என்ற வார்த்தையை உடைத்து எழுதுவது, படங்களையெல்லாம் எடுத்துவிடுவது. முதலாவது வாசகரை ஏமாற்றுவது, கூகுளின் விதிகளே அதைத் தடுக்கின்றன. வார்த்தையை உடைப்பது ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பழக்கம், அந்த வரிசையில் நாமும் போய் நிற்பானேன்? படங்களைக் குறைப்பதில் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. டேப் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் மறந்துவிடுகிறோம். என் சோதனைக் கணக்கில் ப்ரைமரியில் விழுந்த அதே மெயில் சக ஊழியரின் கணக்கில் ப்ரமோஷன்ஸில் கிடந்தது.

உண்மையில் வித்தியாசம் காட்டியவை இரண்டு. வகுப்பு நினைவூட்டல்களைத் தள்ளுபடி மெயிலிலிருந்து முழுக்கப் பிரித்துத் தனி சப்டொமைனுக்கும் தனி 'ஃப்ரம்' முகவரிக்கும் மாற்றினோம். முன்பு நினைவூட்டலின் அடியிலும் ஒரு தள்ளுபடிப் பட்டை ஒட்டியிருக்கும், அதை எடுத்தோம். இரண்டாவது, வரவேற்பு மெயில். 'நோ ரிப்ளை' முகவரியைத் தூக்கிவிட்டு, பயிற்சியாளரின் பெயரில், நாலே வரியில், "இந்த வகுப்பில் எதைக் கற்றுக்கொள்ள வந்தீர்கள்?" என்று கேட்டு அனுப்பினோம். பதில்கள் வந்தன, பயிற்சியாளர்கள் உட்கார்ந்து அவற்றுக்குப் பதிலும் எழுதினார்கள். எழுதியவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, பயிற்சியாளரின் அடுத்தடுத்த மெயில்கள் ப்ரைமரியிலேயே வருவதாகப் பலர் சொன்னார்கள்.

தள்ளுபடி மெயில் இன்றும் ப்ரமோஷன்ஸில்தான் விழுகிறது. அதை ப்ரைமரிக்குத் தள்ளும் முயற்சியைக் கைவிட்டுவிட்டேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர் அந்த டேப்பைத் திறந்து பார்க்கிறார், க்ளிக்கும் வருகிறது. இப்போது என் கவலை அவுட்லுக்தான். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதத்திலிருந்து ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் அதே மூன்று சரிபார்ப்புகளைக் கேட்கிறது. எங்களிடம் மூன்றும் சரியாக இருந்தும் சில தொகுதிகள் ஜங்க்கில் விழுகின்றன. ஜிமெயிலில் செய்ததுபோலவே லிஸ்டைப் பிரித்து அனுப்பி, எந்தத் தொகுதி காரணம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.