பத்து வருடம் ஓடுமா?

மட்டக்களப்பில் தொலைக்காட்சியோ கணினியோ வாங்கப் புறப்படும் குடும்பம், விஷயம் தெரிந்தவர் என்று தான் நம்பும் உறவினர் ஒருவரையும் கடைக்குக் கூட்டிச் செல்வது வழக்கம். எங்கள் உறவுக்குள் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் எனக்கே வந்து சேர்கிறது. கடையில் நிற்கும் தம்பிமார் திரையின் துல்லியத்தையும் செயலியின் வேகத்தையும் விளக்கிக்கொண்டிருக்க, வாங்க வந்தவர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி வேறு விடயங்களை விசாரிப்பார்: இது பத்து வருடம் ஓடுமா, பழுதானால் இங்கேயே திருத்தலாமா, கரண்ட் பில் ஏறுமா. விளம்பரத் தாள் எதிலும் இவற்றுக்கான பதிலை நான் கண்டதில்லை.

இப்படிக் கேட்பதை அறியாமை என்று சிலர் சிரித்து ஒதுக்குவதுண்டு. வாங்குபவர் தம் வீட்டையும் ஊரையும் சரியாக அறிந்திருப்பதால்தான் இப்படிக் கேட்கிறார் என்பது என் எண்ணம். சாதாரணக் குடும்பமொன்று தொலைக்காட்சியைத் தையல் இயந்திரத்தைப் போலத்தான் வாங்குகிறது. சேர்த்த காசிலோ தவணையிலோ ஒருமுறை எடுத்தால், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அது உழைத்தாக வேண்டும். 2022 இல் டொலரின் விலை ஓரிரு மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டிப் போனபின், "பழுதானால் புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்லாறு என வாவிக்கும் கடலுக்கும் நடுவிலான மணல் நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றே முதல் எதிரி. செம்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. கணினியின் ராம் பலகையில் உள்ள தொடுமுனைகளில் படலம் படிந்து, நேற்றுவரை நன்றாக இயங்கிய பெட்டி இன்று திரையில் ஒன்றும் காட்டாமல் நிற்கிறது. திருத்துபவர் பலகையைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து மறுபடி பொருத்துவார். பல வேளைகளில் வைத்தியம் அத்துடன் முடிந்துவிடும். மேசைக்கணினியின் மின்வழங்கிக்குள் பல்லி புகுந்து, தானும் கருகிப் பெட்டியையும் கெடுத்திருப்பதையும் கண்டிருக்கிறேன். (அந்தக் காற்றுத் துளைகளின் அளவைத் தீர்மானித்தவர் பல்லியே இல்லாத தேசத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும்.)

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தொல்லை வேறு வடிவில் வருகிறது. மின்கம்பியின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில், எல்லோரும் விளக்கும் மோட்டரும் போடும் மாலை வேளைகளில், 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் அதைவிட நன்றாகக் குறைந்துதான் வருகிறது. இதற்கு அஞ்சிப் பலர் ஸ்டெபிலைசர் ஒன்றையும் சேர்த்து வாங்குகிறார்கள். ஆனால் இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றின் பின்புறத்தையும் மடிக்கணினி அடாப்டர்களையும் பார்த்தால், 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்; அப்படி இருந்தால் குறைந்த அழுத்தம் அவற்றைக் கொல்லாது. கொல்வது, போன கரண்ட் திரும்பிவரும் நொடியில் எழும் உதைப்பும், சித்திரையிலும் ஐப்பசியிலும் இறங்கும் மின்னலும்தான். அதிலும் மின்னல், பிளக்கைக் கழற்றியிருந்தாலும் கூரைமேல் நிற்கும் அன்ரனாவின் வயர் வழியாக உள்ளே வந்துவிடும் என்பதால், அந்த வயரையும் கழற்ற வேண்டும். ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கும் காசில் ரவுட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ற் யூபிஎஸ் வாங்கினால், மின்வெட்டு வேளையில் பிள்ளைகளின் ஸூம் வகுப்பாவது நிற்காது.

கரண்ட் பில் விடயத்தில் கணக்கு எளிது. 32 அங்குல எல்ஈடி தொலைக்காட்சி ஏறத்தாழ 50 வாற்று எடுக்கிறது என்று கொண்டால், நாளுக்கு ஆறு மணித்தியாலம் பார்த்தாலும் மாதம் 9 அலகுதான். திரையுடன் சேர்த்து 150 வாற்று எடுக்கும் மேசைக்கணினியை நாளுக்கு நான்கு மணித்தியாலம் ஓட்டினால் 18 அலகு. மடிக்கணினி என்றால் அதில் மூன்றில் ஒன்றளவு. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண அட்டவணை மாறிவிடும் முறை இங்கே இருப்பதால், எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இவற்றையெல்லாம்விட அதிகமாக நான் கேட்கும் முறைப்பாடு ரிமோட் பற்றியது. தொலைக்காட்சிக்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, யூடியூப் பார்க்க வாங்கிய அன்ட்ரொயிட் பெட்டிக்கு ஒன்று என மூன்று கிடக்க, பேரப்பிள்ளை கார்ட்டூன் பார்த்துவிட்டு எழுந்து போனால், நாடகம் பார்க்க வந்த பெரியம்மாவுக்கு முன்னால் நீலத்திரைதான் மிஞ்சுகிறது. "மனே, போடுறதுக்கு ஒன்டு, நாடகத்துக்கு ஒன்டு, சத்தத்துக்கு ஒன்டு, மூண்டு பொத்தான் காணும் எனக்கு, மத்ததெல்லாம் நீயே வெச்சுக்க" என்று என் பெரியம்மா சொன்னதைவிடத் தெளிவான வடிவமைப்புக் கோரிக்கையை நான் எங்கும் படித்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், இதற்கான தீர்வில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று எழுப்பவும் அணைக்கவும் ஒரே ரிமோட்டுக்குக் கட்டுப்படவும் வழிசெய்யும் சிஈசி என்ற வசதியை, சாம்சங் அனிநெட் பிளஸ் என்றும் எல்ஜி சிம்பிளிங்க் என்றும் சோனி பிராவியா சிங்க் என்றும் ஆளுக்கொரு பெயர் வைத்து, அமைப்புப் பட்டியலின் அடியாழத்தில் போட்டிருக்கிறார்கள். பல வீடுகளில் நான் போய் அதைத் திறந்துவிட்டதுடன் பாதிச் சண்டை ஓய்ந்தது. எல்லாப் பெட்டிகளும் இதற்கு இசைவதில்லை என்பதும் உண்மை.

பத்து வருடம் ஓடுமா என்ற கேள்விக்கு இன்று பதில் சொல்வது கடினமாகிவிட்டது. முன்பு பெட்டி பழுதானால்தான் ஓடாது. இப்போது பெட்டி நன்றாக இருக்கையிலேயே ஓட்டம் நிறுத்தப்படுகிறது. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையைக் கைவிட்டபோது, 2012 ஐயும் அதற்கு முந்திய வருடங்களையும் சேர்ந்த பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளில் யூடியூப் ஆப் செத்துப்போனது; திரைக்கு எந்தக் குறையும் இல்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்பதால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டால் இன்னும் சில வருடம் வேகமாக ஓடக்கூடிய மடிக்கணினிகள் கூட வரிசைக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே நான் சொல்லும் ஆலோசனை இதுதான்: தொலைக்காட்சியை நல்ல திரைக்காக மட்டும் வாங்குங்கள், அதற்குள் இருக்கும் ஸ்மார்ட்டை ஒரு போனஸாக மட்டும் கருதுங்கள்; அது மந்தமானால் சிறிய பெட்டியொன்றை வெளியே இணைத்து, அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட் ஒன்று கூடும் என்று பெரியம்மா திட்டுவார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எவரும் கேட்காததைத் தருவதில் மட்டும் இத்தொழிலுக்குக் குறைவில்லை. கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணத் தொலைக்காட்சி 2010 அளவில் பெரும் ஆரவாரத்துடன் வந்து, 2017 இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டதோடு கடைகளிலிருந்து ஒழிந்தது. இன்று 4கே என்னும் அதிதுல்லியத் திரை. பத்தடி தூரத்தில் கதிரை போட்டிருக்கும் கூடத்தில் 32 அங்குலத் திரைக்கு அது கண்ணுக்கே தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் தன் கணக்கில், எச்டியில் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரையும் 4கேயில் 7 ஜிபி வரையும் செல்லும் என்கிறது. மாத டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கும் 4ஜி ரவுட்டர் வீட்டில் அந்தத் திரை எதைக் காட்டப் போகிறது?

கணினியின் நிலை இன்னும் சங்கடமானது. பேசவும் படம் பார்க்கவும் போன் போதும். விண்ணப்பம் நிரப்பவும் அச்செடுக்கவும் சந்திக்குச் சந்தி கொமினிகேஷன் கடை இருக்கிறது. 2020, 2021 தொற்றுக்காலத்தில் வகுப்புகள் திரைக்கு வந்தபோதுதான் வீட்டில் ஒரு கணினி தேவை என்ற எண்ணம் பரவலாகியது. அப்படி வாங்கியவர்களும் அதில் தமிழை எழுத முயன்றதும் முட்டுப்படுகிறார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கான விசைப்பலகை விண்டோசுக்குள்ளேயே இருந்தும், அதை எங்கே திறப்பது என்று கடையில் சொல்லிக் கொடுப்பாரில்லை. விற்கும்போதே அதைத் திறந்து கொடுக்க எத்தனை நிமிடம் செல்லும்?

மக்கள் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் மிக அதிகமாக வேண்டும் ஒன்று உண்டென்றால், அது படங்கள் தொலையாமல் இருப்பதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியிலும் கல்லாற்றிலும் வீட்டோடு ஆல்பமும் போன குடும்பங்களில், தாய் தகப்பனின் கலியாணப் படம் ஒன்றுகூட எஞ்சாதவர்கள் பலர். இப்போது எல்லாப் படமும் போனில் கிடக்கிறது. போன் நிறைந்ததும் எதை அழிப்பது என்று கேட்கிறது. கூகிள் போட்டோஸ் 2021 ஜூன் 1 உடன் வரம்பில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்தியபின், மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபிதான். மாதாமாதம் அட்டையில் கட்டணம் கட்டும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இல்லை. எனவே வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதைக் கடலுக்கு எட்டாத செங்கலடிப் பக்கம் உறவினர் ஒருவர் வீட்டு அலுமாரியிலும் வைக்கும்படி சொல்லி வருகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் எப்படியும் போய்வரத்தான் வேண்டும். அப்போது வீட்டில் உள்ளதைப் புதுப் படங்களோடு கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே உள்ளதை எடுத்து வந்தால், இரண்டும் வருடத்தில் ஒருமுறையாவது மின்னைக் காணும், பழுதானாலும் நேரத்தோடு தெரிந்துவிடும்.