முதல் தகவல் அறிக்கையில் மாறாமல் வரும் ஒரு வரி

மதுரையில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் படித்த முதல் தகவல் அறிக்கைகளில் மாறாமல் வரும் வரி ஒன்று உண்டு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. டயர் வெடித்து லாரி கவிழ்ந்தாலும் அதே வரிதான். பிரேக் பிடிக்காமல் போனாலும் அதே வரிதான். புகார் எழுதும் கைக்குப் பழகிப்போன அந்த வரி, விபத்தை ஓட்டுநரின் இருக்கையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறது. ஒரு லாரி விபத்து உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதை நான் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கரையேற்றியவரின் மகன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த வழக்கு ஒன்றை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். திருமங்கலம் பக்கத்தைச் சேர்ந்த 32 வயதுப் பூ வியாபாரி ஒருவர், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூ எடுப்பதற்காக, விடியற்காலை மூன்றரை மணிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் காலிக் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, கப்பலூரில் சுற்றுச்சாலைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். விரகனூருக்குச் சற்று முன்னால், பின் டயர் பஞ்சராகி நின்றிருந்த பத்துச் சக்கர லாரி ஒன்றின் முதுகில் மோதி, அந்த இடத்திலேயே இறந்துபோனார். நின்றுகொண்டிருந்த லாரியை ‘ஓட்டி வந்து’ என்று எழுத முடியாதல்லவா? அதனால் அந்த வரி இறந்தவர்மீது போய் ஒட்டிக்கொண்டது. தன் சாவுக்குத் தானே குற்றவாளியாக அவர் பதிவானார்.

இரவில் ஒரு கனரக வாகனம் விளக்கில்லாமல் சாலையில் நிற்பதைப் போன்ற ஆபத்து வேறு எதிலும் இல்லை என்பது என் கருத்து. ஓடுகிற லாரிக்குச் சத்தமாவது உண்டு. நிற்கிற லாரிக்கு அதுவும் கிடையாது. சேறு படிந்த பின்பலகையும் கருத்த தார்ப்பாயும் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்துவிட்டுக் கடந்து போகும் அந்த இரண்டு நொடிகளில், பின்னால் வருபவருக்கு முன்னே நிற்பது எதுவுமே தெரியாது. பின்பக்கத்தில் ஒளி திருப்பும் பட்டைகள் இருக்க வேண்டும், மோதுகிற சிறிய வண்டி உள்ளே நுழைந்துவிடாதபடி தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்றெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கின்றன. பலருக்கு அந்தப் பட்டை எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) காட்டப் போகும் நாளின் அலங்காரம். பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும் நிலையில் வாகனத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவும் சொல்கிறது.

அந்த வழக்கில் எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு. காவல்துறை வரைந்திருந்த மாதிரி வரைபடத்தில், லாரியின் இடப்பக்கச் சக்கரங்களும் தார்ச்சாலையின் மேலேயே இருந்தன. ஒதுங்கி நிற்க மண் தரை இருந்தும் ஓட்டுநர் இறக்கவில்லை. இரண்டாவது, டீக்கடைக்காரர் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்திருந்த படம். லாரியின் பின்பலகை இடுக்கில் ஒரு வேப்பங்கொத்து செருகப்பட்டிருந்தது; அதற்குப் பின்னால், சாலையில், இரண்டு கற்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் நம் ஊரில் தொன்றுதொட்டுச் செய்கிற எச்சரிக்கை அது. (வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கற்களை எடுத்துப் போடாமல் போவதால் விழுந்தவர்களின் கதை வேறு இருக்கிறது.) டெயில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, மோதிய வேகத்தில்தான் உடைந்தது என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். குறுக்கு விசாரணையில் நான் ஓட்டுநரிடம் கேட்டது ஒரே கேள்வி: விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வேப்பங்கொத்து எதற்கு? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் குற்றவாளியாக இருந்தாலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லை. எந்தப் பக்கம் நிகழ்தகவு கூடுதலாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பாயம் சாயலாம். ஆனாலும், நின்ற வாகனத்தில் மோதினால் பழியைப் பாதிக்குப் பாதி பிரித்துவிடும் பழக்கம் ஒன்று நீண்ட காலமாக உண்டு; அதற்குப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று பெயர். இரவில் நடுச்சாலையில் விளக்கின்றி நிறுத்தப்பட்டிருந்த எரிவாயு டேங்கர் லாரியில் கார் மோதிய அர்ச்சித் சைனி வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர்மீது அந்தப் பங்கைச் சுமத்த மறுத்தது. நான் அதைத்தான் முன்வைத்தேன்.

அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். இறந்தவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது, ஆக 21,000. தாய், மனைவி, இரண்டு குழந்தைகள் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயது வரையுள்ளவருக்கு, இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண் 16 என்பது 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு. மொத்தம் 30,24,000 ரூபாய். எரியாத ஒரு பல்புக்காக இதில் 15 லட்சத்தை விட்டுக்கொடுக்கும்படி அந்தக் குடும்பத்தைக் கேட்டார்கள். தீர்ப்பாயம் முழுத் தொகையையும் லாரித் தரப்பே தர வேண்டும் என்றது.

அப்பாவைப் பற்றிச் சொன்னேனே. வண்டி எடுக்கும் முன் அவர் டயர் லிவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே வருவார். காற்றுள்ள டயர் ‘டங்’ என்று எகிறும். இறங்கிய டயர் ‘தொப்’பென்று விழுங்கும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் இறங்கிப்போனால் வெளியே தெரியாது, சுமை முழுவதும் வெளி டயர்மீது ஏறி, நாற்பது கிலோமீட்டருக்குள் வெடிக்கும் என்பார். ரீபட்டன் போட்ட, அதாவது தேய்ந்தபின் மேல்ரப்பரைப் புதிதாக ஒட்டிய டயரை முன்சக்கரத்தில் மாட்ட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. ஆனால் அதே மனிதர், கம்பம் பக்கத்துத் திராட்சையைக் கோயம்பேடு சந்தை கூடும் முன் சேர்க்க வேண்டும் என்பதற்காக, கிளீனரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் தூங்கியிருக்கிறார். கேட்டால், நடை தவறினால் அடுத்த லோடு யார் கொடுப்பார் என்பார். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்துவிட்டது. லாரி செட்டில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். மாதச் சம்பளம் சொற்பமாகவும் நடைக்கு நடை படியே பிழைப்பாகவும் இருக்கும் இடத்தில், கண் அசருகிற நேரத்துக்குக் கூலி இல்லை.

அதிகச் சுமை இன்னொன்று. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்; ஓட்டியவருக்கு மட்டுமன்றி, ஓட்டச் செய்தவருக்கும் அது பொருந்தும். போடிமெட்டிலோ குமுளியிலோ இறங்கும்போது டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால், எஞ்சின் பிடிக்க வேண்டிய வேகத்தையெல்லாம் பிரேக் லைனர்களே பிடிக்க வேண்டியதாகி, டிரம் காய்ந்து, பெடலை மிதித்தும் வண்டி நிற்காத நிலை வரும். அளவுக்கு மீறி லோடு ஏற்றியிருந்தால் அந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும். அறிக்கையில் அதற்கும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’தான்.

ஓட்டுநர் செய்த தவறுக்கு உரிமையாளர் பொறுப்பு, உரிமையாளருக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும், இதுதான் அடிப்படை. சிக்கலெல்லாம் தாள்களில் இருக்கிறது. லாரியை விற்று, பணத்தையும் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் விட்டவர்கள் என்னிடம் கலங்கிப்போய் வருவார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஓட்டுநருக்கு முறையான உரிமம் இல்லையென்றால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2004-இன் சுவரண் சிங் தீர்ப்பு முதல் நடைமுறை இதுதான். உரிமத்தைச் சரிபார்ப்பதில் தாம் கவனமாக இருந்ததைக் காட்ட முடிந்த உரிமையாளர் தப்பிக்கிறார். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னதால், சின்ன வண்டிக்காரர்களின் தலைவலி ஒன்று தீர்ந்தது.

அவர்களுக்கு இன்னும் தீராத தலைவலி வேறு. குலதெய்வம் கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் குட்டியானையில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு போவது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிச் செல்பவர்களுக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று 2002-இன் ஆஷா ராணி தீர்ப்பு முடிவு செய்தது; சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ போனால் மட்டுமே பொருந்தும். கிடா வெட்டுக்குப் போன வழியில் அடிபட்ட ஒருவர், கூட வந்த கிடாயைச் சரக்கு என்று சொல்ல முடியாதா என்று என்னிடம் முழு நம்பிக்கையோடு கேட்டார். காப்பீடு விலகிக்கொண்டால் பொறுப்பு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழுகிறது. அவருடைய ஒரே சொத்தான அந்த வண்டியோ நசுங்கிப்போய்க் காவல் நிலைய வாசலில் நிற்கும். பல வழக்குகளில் தீர்ப்பு கையில் இருந்தும், வசூலிக்க ஆளில்லை.

ஓட்டுநர் ஓடிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடிப்போனால் 10 ஆண்டு வரை சிறை என்னும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ஆவது உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் கடமையை விதிக்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறது. ஊர் கூடிவிட்டால் ஓட்டுநர் நேரே காவல் நிலையத்துக்குப் போகலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. காரியம், முப்பது என்று நாளைக் கடத்திவிட்டு வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பூ வியாபாரியின் வழக்கில் தீர்ப்பு நகலைக் கொடுத்த அன்று அவருடைய தாயார் வந்திருந்தார். தொகையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. “அப்ப அந்தப் போலீஸ் பேப்பர்லயும் எம்மகன் பேர அடிச்சிருவாகளா சார்?” என்று மட்டும் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அந்தத் தாளில் எழுதி, கோப்பை எப்போதோ முடித்திருந்தார்கள்.