ஒரு புளியமரம், ஒன்பது கட்டம்

வாய்க்கால் கரைப் புளியமரத்தை மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். மாம்பழச்சிட்டு, தையல்சிட்டு, குளிருக்கு வடக்கிலிருந்து வந்த பச்சைக் கதிர்க்குருவி, பிளைத் நாணல் கதிர்க்குருவி எல்லாம் அதிலேயே மேயும். நான்குக்கும் பூச்சி, புழுதான் இரை. ஆனாலும் மரத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

1958-இல் சூழலியல் ஆய்வாளர் ராபர்ட் மெக்ஆர்தர் அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் பக்கத்து ஊசியிலைக் காடுகளில் ஐந்து வகைக் கதிர்க்குருவிகளைக் கவனித்து எழுதினார். மரத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பறவை எங்கே எத்தனை விநாடி இருந்தது என்று எண்ணினார். தலைகளை மட்டும் எண்ணாமல் விநாடிகளையும் எண்ணியதுதான் அதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

நம் மரத்துக்கு ஒன்பது கட்டம் போதும். உயரத்தில் கீழ், நடு, மேல். கிளையில் அடி, நடு, நுனி. ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும்: "மேல் நுனி, 8 விநாடி." கூடவே நகரும் திசைக்கு ஓர் அம்புக்குறி: மேலும் கீழுமா, கிளையோடு உள்ளும் வெளியுமா, கிளைக்குக் கிளை தாவியா? மெக்ஆர்தரின் பறவைகள் மேயும் இடத்தில் மட்டுமல்ல, இதிலும் வேறுபட்டன. பிறகு ஒவ்வொரு வகைக்கும், அதிக நேரம் கழிந்த கட்டத்தில் தொடங்கி, மொத்த நேரத்தில் பாதி சேரும்வரை கட்டங்களைப் பென்சிலால் நிரப்புங்கள். வெவ்வேறு வகைகளின் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும்; அடர்த்தி எங்கே என்பதே கேள்வி. பச்சைக் கதிர்க்குருவி மேல் இலைகளிலும், தையல்சிட்டு பெரும்பாலும் கீழ்க்கிளை, புதர்களிலும் தெரியும்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் முதல் பார்வையில். வெளிநுனியில் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். அதை அப்படியே எழுதினால் எல்லாப் பறவையும் நுனிப் பறவையாகிவிடும். கண்டதும் ஐந்து விநாடி விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கள். ஒரே பறவையை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர வேண்டாம். மரம் பூத்திருக்கும் நாள்களைத் தனித்தாளில் எழுதுங்கள். அப்போது எல்லாமே பூ இருக்கும் பக்கம் கூடிவிடும்.

அடையாளமும் குழப்பும். பச்சைக் கதிர்க்குருவிக்கு வெளிர்ப் புருவமும் இறக்கையில் மெல்லிய கோடும் உண்டு. பிளைத் வெறும் பழுப்பு. "டக், டக்" என்று அடர்புதருக்குள்ளிருந்து அதன் குரல் மட்டும் வரும்.

வயலில் நிழல் விழுகிறது என்று கரைமரங்களின் கீழ்க்கிளைகளைக் கழித்து, புதரையும் வெட்டி விடுகிறோம். கழிப்பதற்கு முன்னும் பின்னும் இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். முதலில் வெறுமையாவது கீழ் வரிசைக் கட்டங்கள் மூன்றும்தான்.