நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏறிய முள்

அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்கு முன்பே மன்னார்குடியை ஒட்டிய எங்கள் கிராமத்திலிருந்து கிளம்பி, நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போவோம். திரும்பும்போது உச்சி வெயிலாகிவிடும். ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் தலையணையில் சாய்ந்து தூங்கியபடி வருவார். குனிந்து ஏறும் கார் அவருக்கு ஒத்துவரவில்லை என்பதால்தான் உயரமான வண்டியாகத் தேடி, ஒன்பது வருடம் ஓடிய ஒரு நடுத்தர எஸ்யூவியை வாங்கினேன். டீசல் எஞ்சின். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

சென்ற ஆண்டு பங்குனியில் அந்த வண்டி சூடேறத் தொடங்கியது. காரணம் கண்டு சரிசெய்து முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று வாரமும் அப்பாவின் சிகிச்சை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்ற பயத்தோடுதான் ஓட்டினேன். இதே நிலையில் இன்னொருவர் நிற்கும்போது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் அறிகுறி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் தெரிந்தது. அந்தக் கேட்டில் காத்திருந்தவர்களுக்கு அதன் நீளம் தெரியும். எஞ்சினை ஓடவிட்டு ஏசியோடு நின்றிருந்தேன். பத்து நிமிடம் கழித்து ஏசியில் குளிர் போய் வெறும் காற்று வந்தது. வெப்பமானியைப் பார்த்தேன்; எப்போதும் நடுவில் நிற்கும் முள் நடுவைத் தாண்டியிருந்தது. கேட் திறந்து, வண்டி வேகமெடுத்து மூன்று கிலோமீட்டர் போவதற்குள் முள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது, குளிரும் வந்துவிட்டது. வெயிலின் கொடுமை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே கேட்டில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்பா பின்னால் இருந்தார். வண்டியை ஓரங்கட்டி, ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வைத்தேன். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் தள்ளிவிடும். பங்குனி வெயிலில் அது உள்ளே இருப்பவர்களுக்குத் தண்டனை. அப்பா விழித்து, "என்னடா, இப்படி அனல் அடிக்கிறது?" என்றார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று ஈரத்துண்டை அவர் கழுத்தில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் முள் இறங்கியது. ஆவி வரவில்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இன்னும் உள்ளே இருந்தது, அதனால்தான் எஞ்சினை ஓடவிட்டே குளிர்வித்தேன். பானட்டிலிருந்து ஆவி கிளம்பினால் அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எந்த நிலையிலும் சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திருகக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பது முகத்தில் சீறி அடிக்கும்.

மறுநாள் நகரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் பார்த்தார்கள். "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும், 68,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யவில்லை. பணம் தயாராகும் வரை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். இதை இன்றும் மன்னிக்க மனம் வரவில்லை. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் சின்னக் கதவு. அது இல்லாவிட்டால் எஞ்சின் அதற்குரிய சூட்டை அடையாமலே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும், உண்மையான நோய் மறைந்துகொள்ளும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு. அது கிழிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகும், அல்லது கூலன்ட் ஆயிலில் கலக்கும், அல்லது சிலிண்டருக்குள் போய் ஆவியாகிப் புகையோடு வெளியேறும். மூன்றுக்கும் தடயம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தது, மோர் கலந்ததுபோல் வெளுக்கவில்லை. விடிகாலையில் குளிர்ந்த எஞ்சினின் கூலன்ட் தொட்டியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன். குமிழி வரவில்லை. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லைப்போல் இறுகினால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று பொருள். அதுவும் இல்லை, விரலால் அழுத்த அமுங்கியது. தொடர்ந்து வெள்ளைப் புகை வருகிறதா என்று மனைவி பின்னால் நின்று பார்த்தாள். இல்லை. இணையத்தில் ஒரு நீலத் திரவச் சோதனைக் கருவியையும் வரவழைத்தேன். கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். இரண்டு முறை செய்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

கூடவே வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி கருவியும் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் இணைப்பில் செருகினேன். கைப்பேசியில் எஞ்சினின் உண்மையான வெப்பம் எண்ணாகத் தெரியும். பல வண்டிகளில் முள்ளை நம்பக் கூடாது. வெப்பம் பத்து இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகரும்போது காலம் கடந்திருக்கும். என் வண்டி ஓட்டத்தில் 90, கேட்டில் நிற்கும்போது 108.

இந்த எண்களோடு எங்கள் ஊர்ப்பக்கம் டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். கார் வேலை அவர் அதிகம் எடுப்பதில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓடும்போது ஏறுகிறதா தம்பி, நிற்கும்போது ஏறுகிறதா?"

"நிற்கும்போதுதான் அண்ணே. ஓடினால் இறங்கிவிடுகிறது."

"அப்படியென்றால் தண்ணீரை அப்புறம் பார்ப்போம். முதலில் காற்றைப் பார்ப்போம்."

வேகமாக ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். ஆகவே நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன் அல்லது காற்றுப் பாதை. மேம்பாலத்தில் சுமையோடு ஏறும்போதும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால் உள்ளடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். ஏசி முதலில் சோர்ந்ததற்கும் காற்றுக் குறைவே காரணம். ஏசியின் கேஸைக் குளிர்விக்கும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது. அதற்கும் அதே காற்றுதான்.

ஃபேன் சரியாகச் சுற்றியது. முன்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் கன்டென்சர் சுத்தமாக இருந்தது. நான் ஏற்கெனவே தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தேன். பெரியவர் அதோடு விடவில்லை. ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைத் தளர்த்தி, கன்டென்சரின் கேஸ் குழாய்களைத் தொடாமல், ரேடியேட்டரை மட்டும் எஞ்சின் பக்கம் மூன்று விரல் அகலம் சாய்த்தார். இடைவெளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

உளுந்துப் பொட்டு. நொறுங்கிய காய்த்தோல், சருகு, நடுநடுவே வைக்கோல் துரும்பு, எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் தூசும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு முழு உளுந்து மணிகள் கறுப்பாகப் பளபளத்தன. ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுவதும் அந்தக் கம்பளி மூடியிருந்தது.

டெல்டாவில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனி சித்திரையில் செடியைப் பிடுங்கிச் சாலையில் பரப்பிப் போடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி அடித்துக்கொடுக்கும். களம் இல்லாத விவசாயிக்கு வேறு வழி இல்லை. எங்கள் வீட்டு உளுந்தையும் அப்படித்தான் அடித்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் அதன்மேல்தான் ஓட்டினேன். முன்னால் போகும் பஸ் கிளப்பிவிடும் பொட்டு அத்தனையும் என் வண்டியின் மூக்குக்குள் போயிருக்கிறது.

"அறுவடை இயந்திரத்துக்கு இதற்காகவே முன்னால் சல்லடை வைத்திருக்கிறான் தம்பி. காருக்கு யார் வைத்தார்கள்?" என்றார் பெரியவர்.

மெல்லிய அழுத்தத்தில், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து, பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினார். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் குப்பை இன்னும் உள்ளே இறுகும், தகடுகள் மடங்கி வழி அடைபடும். நான் முன்பு கழுவியது அப்படித்தான். அன்று மாலை பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தோம். 99-க்கு மேல் போகவில்லை.

வேலை முடியவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் கூலன்ட் தொட்டியில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. டீசல் வண்டிகளில், எஞ்சினுக்கே திருப்பிவிடும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் உள்ளே கசிந்தாலும் இப்படி மாயமாகக் குறையும். அதைத் தொடுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்வோம் என்றார் பெரியவர். ஒரு ரேடியேட்டர் கடையிலிருந்து கைப்பம்பு வாங்கி வந்து, குளிர்ந்த எஞ்சினில் மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் பொறித்திருந்த 1.1 பார் வரை ஏற்றினார். இருபது நிமிடத்தில் 0.8-க்கு இறங்கியது. எங்கோ ஓட்டை இருக்கிறது.

கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் வைத்துத் தேடியதில் வாட்டர் பம்பின் அடியில் அகப்பட்டது. பம்பின் அச்சுக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியேறும். அதிலிருந்து ஒரு கோடு இறங்கி, காய்ந்து, வெளிர்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. சூடான எஞ்சினில் கசிவது தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடுகிறது.

மூடியையும் அதே பம்பில் சோதித்தோம். 1.1 வரை தாங்க வேண்டியது 0.6-லேயே திறந்துகொண்டது. மூடியை யாரும் ஒரு பாகமாகவே நினைப்பதில்லை. ஆனால் கொதிநிலையைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 107. அதையே ஒரு பார் அழுத்தத்தில் அடைத்துவைத்தால் 125-ஐத் தாண்டிய பிறகே கொதிக்கும். தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

பம்பைக் கழற்றியபோது ஹோஸின் உட்சுவரில் வெள்ளையாகப் படிவு. வண்டியை எனக்கு விற்றவர் வேதாரண்யம் பக்கத்துக்காரர். கடலோரத்து உவர்நீரையோ போர்வெல் தண்ணீரையோ பல வருடம் ஊற்றியிருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில்லாமல் எதை ஊற்றினாலும் அதிலுள்ள உப்பு படியும், அலுமினியத்தை அரிக்கும், சீலைத் தேய்க்கும். மூன்று முறை அலசினோம். முதல் அலசல் துருநிறத்தில் வந்தது. தெர்மோஸ்டாட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மெல்லச் சூடாக்கினேன். உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து கதவைத் தள்ளும். 83 டிகிரியில் மெல்ல வாய் திறந்தது. அதில் 82 என்றே பொறித்திருந்தது. கழற்றி எறியச் சொன்ன அந்தப் பொருள் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

வடித்தெடுத்த கூலன்டைப் பெரியவர் ஒரு கேனில் பிடித்து மூடிவைத்தார். அது இனிப்பாக இருக்கும், நாயோ கன்றுக்குட்டியோ நக்கிக் குடித்தால் செத்துவிடும். வாய்க்காலில் கொட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதிய கூலன்ட் ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். அது வெளியேற வண்டியின் முகம் உயர்ந்திருப்பது நல்லது. தட்டையான எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுக்கரைதான். பாமணி ஆற்றுக்கரை ஏற்றத்தில் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, ஓடவிட்டோம். ஜூனில் மேட்டூர் திறக்கும்வரை ஆற்றில் வெறும் மணல்தான். தொட்டியில் பொக்கென்று இரண்டு பெரிய குமிழிகள் வந்து, மட்டம் சட்டென்று இறங்கியது. மறுபடி நிரப்பினோம். ஹீட்டரில் சீரான சூடு வந்த பிறகு மூடினோம்.

புதிய பம்ப், மூடி, பெல்ட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பும்போது நீடாமங்கலத்தில் கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்காமல், ஏசியோடு நின்றேன். கைப்பேசியில் 91, 94, 96. நெஞ்சு அடித்துக்கொண்டது. 97-இல் ஃபேன் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது. 95. 92. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.