பெயர், தபால் பெட்டி, ஜன்னல்: வேலூரிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. கட்டடத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். தபால்காரர் வாசலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துப் பார்த்துக் கடிதத்தைப் போடுகிறார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், வங்கி அட்டை, அதற்கான ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று முதல் இரண்டு மாதத்தில் உங்களுக்குத் தேவையான எல்லாமே தபாலில்தான் வரும். அதனால் சாவி கைக்கு வந்ததும் பயணப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு சீட்டில் பெயரை எழுதித் தபால் பெட்டியிலும் அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். உறவினர் வீட்டில் இரண்டு வாரம் தங்கினாலும் இதே கதைதான்.

எந்தப் பெயரை ஒட்டுவது? நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். மதிப்பெண் சான்றிதழில் ‘முருகன் சே.’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை என்பதால் பெயர் முருகன், குடும்பப் பெயர் சேகர் என்று போயிருக்கும். ஜெர்மனியில் இறங்கிய நாளிலிருந்து நீங்கள் திருவாளர் சேகர். அலுவலகக் கடிதம், வங்கிக் கடிதம், மருத்துவமனையில் கூப்பிடும் குரல் எல்லாமே அப்பா பெயரில்தான். பெட்டியில் முருகன் என்று மட்டும் எழுதினால் ‘சேகருக்கு’ வந்த கடிதம் உள்ளே விழாது. பாஸ்போர்ட்டில் இருக்கும் இரண்டு சொல்லையும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் அதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று குடும்பப் பெயர் இருப்பது அங்கே விநோதமில்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள். வேலூர் தலைமை அஞ்சலகத்திலுள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் மறுவெளியீட்டுக்குக் கொடுத்தால் போதும். விசா ஒட்டிய பிறகு பெயரை மாற்றப் போனால் வேலை ஒப்பந்தம் முதல் காப்பீடு வரை எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

அடுத்தது மாவட்டக் குழப்பம். 1989 வரை வட ஆற்காடு, அதற்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர், 2019இல் அதுவும் பிரிந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள். ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் மூன்று மாவட்டம் இருக்கும். ஜெர்மன் படிவங்களில் பிறந்த இடம் என்று கேட்கும்போது இன்றைய மாவட்டத்தை எழுதித் திருத்தப் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை இன்னும் சில. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கோயில் ரசீதும் பத்திரிகையும் மனைவியின் விசாவுக்கு உதவாது. நிலம், வீடு விஷயமாக அப்பாவோ தம்பியோ உங்கள் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் பொது அதிகாரப் பத்திரத்தை இங்கேயே பதிவுசெய்யுங்கள். அங்கிருந்து அனுப்புவதென்றால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த சிம்முக்கு ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டு, செல்லுபடிக் காலம் விடாமல் ரீசார்ஜ் செய்துவாருங்கள். அந்த எண் செத்துவிட்டால் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நகராது.

மூட்டை கட்டும்போது அம்மாக்களிடம் சொல்லிவிடுங்கள்: பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய் போச்சு. பால்கோவாவில் செய்யும் ஆற்காடு மக்கன் பேடாவும் போச்சு. பச்சைக் கறிவேப்பிலை, முள்ளுக் கத்தரிக்காய் எதற்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சான்று தேவையில்லை. பொடிகள், பருப்பு, புளி, காய்ந்த மிளகாய்க்குத் தடையில்லை. அங்கேயும் 230 வோல்ட்தான் என்பதால் மிக்சி ஓடும். ஆனால் நம் மூன்று முனைப் பிளக் அங்கே நுழையாது. எர்த் தொடர்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். சாலையோரத்தில் விற்கும் மலிவானதில் எர்த் இருக்காது. அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அடிப்பாகம் தட்டையான, இண்டக்ஷன் என்று குறித்த எவர்சில்வர்க் குக்கர் ஒன்றும், உபரியாக இரண்டு கேஸ்கெட்டும் போதும். குளிருக்கான கோட் எதையும் இங்கே வாங்காதீர்கள். நம் வெயிலூரில் கிடைப்பது அந்த ஊர்க் குளிருக்கு ஆகாது.

சனிக்கிழமை இரவு போய் இறங்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்திலும் பெட்ரோல் பங்கிலும் காலையில் திறக்கும் சில பேக்கரிகளிலும்தான் ரொட்டி கிடைக்கும். செவ்வாய், புதன் என்றால் நல்லது.

குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பதே பாடு. அதனால் வேலூரில் இருக்கும்போதே ஆன்லைனில் முன்பதிவு செய்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிபுகுந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். முதல் மாதத்துக்குத் தற்காலிக வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்கும் முன், அன்மெல்டுங் செய்ய விடுவீர்களா என்று கேளுங்கள். பதிய விடாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். இது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கேள்வி மாதிரி அல்ல. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால் சம்பளத்தில் தேவாலய வரி பிடிப்பார்கள்: வருமான வரியில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். வேலூரிலிருந்து போகும் செவிலியர்களில் பலருக்கு முதல் சம்பளச் சீட்டில்தான் இது தெரியவருகிறது. விலக வேண்டுமென்றால் முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் அதற்கும் கட்டணம் உண்டு. விசுவாசம் உங்கள் விருப்பம். என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினால் சரி.

பதிந்த 2, 3 வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதை அலுவலகத்தில் கொடுக்காமல் விட்டால், அதிகம் பிடிக்கும் 6ஆம் வரி வகுப்பில் சம்பளத்தைக் கணக்கிட நேரும். பிடித்தது பின்னால் சரிக்கட்டப்படும். ஆனால் கை இறுக்கமாக இருப்பது அந்த ஆரம்ப மாதங்களில்தானே? கடிதம் வரவில்லையென்றால் உள்ளூர் வரி அலுவலகத்துக்கு பாஸ்போர்ட்டோடு நேரில் போய்க் கேளுங்கள். மனைவி ஊரில் இருக்கும்வரை நீங்கள் வரிக்குத் தனியாள்தான். அவர் வந்து பதிந்த பிறகு திருமணச் சான்றிதழைக் காட்டி வகுப்பை மாற்றலாம்.

மருத்துவக் காப்பீட்டில் இளம் வயதினருக்குத் தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். என் கருத்து: வேண்டாம். பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லை. தனியாரில் தலைக்கு ஒன்று. ஒருமுறை போனால் திரும்பி வருவதும் கடினம், 55 வயதுக்கு மேல் கிட்டத்தட்ட முடியாது.

வாடகையில் இரண்டு கணக்கு. கால்ட் என்பது வெறும் வீட்டுக்கு, வார்ம் என்பது வெந்நீர், சூடேற்றல், குப்பை எல்லாம் சேர்த்து. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. முன்பணம் அதிகபட்சம் 3 மாத கால்ட் வாடகைதான். நம் ஊரில் 10 மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இனிப்பான செய்தி. அதையும் 3 தவணையாகக் கட்டச் சட்டத்தில் உரிமை உண்டு. கால்ட் 700, வார்ம் 900 யூரோ என்றால் முதல் மாதம் 900 வாடகையும் 700 முதல் தவணையும் சேர்த்து 1,600 கையில் வேண்டும். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் வீட்டுக்காரர் அல்ல, திருடர். சாவி வாங்கும் அன்றே சுவர்க் கீறல்களையும் மின்மீட்டர் எண்ணையும் அளவையும் படம் எடுத்துவிடுங்கள்.

ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார் என்று வேலூரைச் சொல்வார்கள். ஜெர்மன் வாடகை வீட்டில் சமையலறை இருக்கும், அடுப்பு இருக்காது. அலமாரி, தொட்டி எல்லாமே சில வீடுகளில் நீங்கள்தான் வாங்க வேண்டும். சமையலறைச் சாமான்களோடு சேர்ந்ததா என்று விளம்பரத்திலேயே பாருங்கள்.

முன்பணம் திரும்ப வராமல் போவதற்கு நம்மவர்களின் வீட்டில் பெரிய காரணம் பூஞ்சை. நம் ஊரில் காற்று தானாக வந்து போகும். அந்த வீடுகளோ காற்றுப் புகாதபடி கட்டியவை. சோறு வடிக்கும் ஆவி, கொதிக்கும் சாம்பார், உள்ளே காயப் போட்ட துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில் நீராகப் படியும். அலமாரிக்குப் பின்னால் சில வாரங்களில் கருப்புப் புள்ளி வந்துவிடும். ஜன்னலைச் சாய்த்துத் திறந்து நாள் முழுக்க விடுவதில் பயனில்லை. சுவர்தான் இன்னும் குளிர்ந்துபோகும். ஹீட்டரை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விட்டு மூடுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறையும், சமைத்து முடித்ததும் ஒருமுறையும். ஈரமானி ஒன்று வாங்கி 40க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் வையுங்கள். வெளிச்சுவரிலிருந்து அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் நடையிலுள்ள புகை அலாரம் கட்டடத்தையே எழுப்பும். இரவு 10 முதல் காலை 6 வரை மிக்சியைத் தொடவே கூடாது.

வசிப்பு அனுமதிக்கு, விசா முடியும் வரை காத்திருக்காமல் முதல் மாதமே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். அட்டை வருமுன் தற்காலிகமாக ஒரு தாள் கொடுக்கலாம். அதோடு பொங்கலுக்கு ஊர் வர டிக்கெட் போடுகிறவர்கள் கவனிக்க: அந்தத் தாளில் ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் திரும்ப நுழையலாம். 3 என்றால் முடியாது.

வானொலிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டாயம். அறைத் தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும். இந்திய ஓட்டுநர் உரிமம் மொழிபெயர்ப்போடு 6 மாதம் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும்.

தற்காலிக வீட்டிலிருந்து நிரந்தர வீட்டுக்கு மாறும்போது இதெல்லாம் மறுபடி ஒருமுறை: புதிய படிவம், 2 வாரத்துக்குள் பதிவு, பெட்டியில் பெயர். பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பச் சொல்லி தபால் நிறுவனத்திடம் கட்டணம் கட்டி எழுதிக் கொடுங்கள். பழைய பெட்டியிலிருக்கும் உங்கள் பெயர்ச் சீட்டை, தபால் புதிய முகவரிக்கு வரத் தொடங்கிய பிறகு பிய்த்தால் போதும்.